பிரிவு எறங்கறவங்க முன்னால வாங்க

பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் போகிற சின்ன ரோடு பிரியும் இடத்தை எங்கள் பக்கத்தில் பிரிவு என்போம். அவிநாசி ரோட்டில் அப்படி எத்தனையோ பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். ஆனால் அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் பிரிவு வெறும் பிரிவுதான். "பிரிவுல நில்லு, வாரேன்" என்பார்கள். "பிரிவுக்குப் போயி ரெண்டு பன்னு வாங்கிட்டு வா" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் இருப்பது எனக்கும் தெரியும். ரேடியோவில் சோகப் பாட்டுப் போடுவதற்கு முன்னால் சொல்வார்கள். ஆனால் அதையும் எங்கள் பஸ் ஸ்டாப்பையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை.

என் அண்ணன் செத்தது எங்கள் பிரிவில்தான்.

சோமனூரைச் சுற்றியிருக்கிற எல்லாப் பையன்களையும் போல அண்ணனும் தறிக்குடோனில் இருந்தவன். நெய்த துணியை டிவிஎஸ் வண்டியின் பின்னால் மலைபோல் கட்டிக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்ப்பான். பின்னாலிருந்து பார்த்தால் துணிமூட்டை தானாக ஓடுவதுபோல் இருக்கும், ஆள் தெரியாது. பங்குனி மாதம் ஒரு மத்தியானம், சின்ன ரோட்டிலிருந்து பெரிய ரோட்டில் ஏறும்போது லாரி அடித்துவிட்டது. கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தோம். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஆடி நோம்பி கொண்டாடவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத வரவில்லை. எழுதினாலும் அவ்வளவுதான் இருக்கும்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அதற்குப் பிறகு தார் சுற்றும் வேலைக்குப் போய்விட்டேன். தார் என்றால் தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல் கட்டை. நாள் முழுக்க நூலைச் சுற்றிச் சுற்றி வைக்க வேண்டும். பஞ்சுத் தூசியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமலைக் கேட்டுக் கேட்டு அண்ணனுக்குத் தாங்கவில்லை. கோயமுத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒரு பட்டறையில் எனக்காகப் பேசி வைத்தான்.

"எனக்குக் கம்பி சுத்தத் தெரியாதுண்ணா."

"நூலச் சுத்துன கை கம்பியச் சுத்தாதா? அறுந்தா முடிச்சுப் போட்டரலாம்னு மட்டும் அங்க போயிச் சொல்லிப்போடாத. மானம் போயிரும்."

தினமும் தானே வண்டியில் கொண்டுபோய்ப் பிரிவில் விடுவதாகவும், அங்கிருந்து நான் பஸ் ஏறிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருந்தான். சித்திரையில் சேர்வதாக இருந்தேன். அதற்குள் இப்படி ஆகிவிட்டது. பட்டறைக்காரர் துக்கத்துக்கு வந்திருந்தார். நல்ல மனிதர். போகும்போது அம்மாவிடம், "ஆடி கழியட்டுமுங்க. ஆவணி பொறந்ததும் புள்ளைய அனுப்பி வையுங்க. அதுக்கு மேல வேற ஆளுப் போடாம என்னால தாட்ட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். ஆனால் எனக்குத் தெரியும், என்னால் போக முடியாது. கோயமுத்தூர் போகிற பஸ் பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒருமுறை போய்ப் பார்த்தேன். பிரிவுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி ஸ்டாப் இருக்கிறது. அங்கே வந்ததும் கை வேர்த்து, காது அடைத்து, நெஞ்சு தறி மாதிரி அடிக்க ஆரம்பித்துவிட்டது. இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். இன்னொரு முறையும் அதேதான். பிறகு போகவே இல்லை. வீடு, குடோன், வீடு. சாப்பிட்டேனா என்று யாராவது கேட்டால்தான் சாப்பிடவில்லை என்பதே நினைவுக்கு வரும். நாளைக்கு என்று ஒன்று இருப்பதை நான் நினைப்பதே இல்லை.

அப்போதுதான் அந்தக் காலேஜ் அக்கா வந்தார்.

தறிகள் ஓடும்போது குடோனுக்குள் யாராவது பேச வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அக்கா வெளியூர், அது தெரியாமல் நடுவில் நின்றுகொண்டு என்னவோ பேசிப் பார்த்தார். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு என் காதருகில் வந்து முழு மூச்சாகக் கத்தினார். சரியாக அந்த நேரம் கரண்டு போனது. எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன. அவர் கத்தியதன் கடைசிப் பகுதி குடோன் முழுக்கக் கேட்டது.

"...வாழ்க்கைல நம்பிக்கை இருக்கா!"

எனக்குப் பக்கத்தில் தார் சுற்றுகிற என் கூட்டாளிக்கு வாய் சும்மா இருக்காது. "யாரு மேலீங்க்கா? மொதலாளி மேலயா, கரண்டாபீசுக்காரன் மேலயா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் காதில் விழுந்தது.

அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கோயமுத்தூரில் காலேஜில் மனநலம் படிக்கிறார். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிறவர்களிடம் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டுமாம். அது இருந்தால் மனது எப்படி இருக்கிறது, இல்லாவிட்டால் எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

"அப்ப எங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கான்னு பாக்க வந்தீங்களா?" என்றாள் கூட்டாளி.

"ஏட்டி, கிறுக்குப் புடிச்சவளையா தேடி வருவாங்க? எல்லாருட்டயுந்தான் கேக்கேன். என்கிட்டயும் கேட்டாங்கல்லா."

"உங்களுக்கு எத்தன வந்துச்சுங்க்கா?"

"அதச் சொல்லக் கூடாது."

"கம்மியாத்தான் இருக்கும். இல்லீன்னா இந்த வெயில்ல இங்க வருவீங்களா?"

கரண்டு வருகிற வரைக்கும் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அக்கா கேள்விகளைப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் அறவே இல்லை, கொஞ்சம், நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லாக் கேள்விக்கும் நடுத்தரம் என்றார்கள். "நடுவாலயே போட்டுக்குங்க்கா, எதுக்குங்க வம்பு?" என்றார்கள். நம்பிக்கை இல்லை என்று சொன்னால் படித்த பெண் மனசு வருத்தப்படும். அதிகம் என்றால் கண் பட்டுவிடும். எங்கள் ஊரில் மரியாதை என்றால் நடுத்தரம்தான்.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். "எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னா நான் என்னத்த அளக்க?"

"நம்பிக்கைன்னு கேக்காதீங்க்கா, ஆரு மேலன்னுதான் தோணுது. தெம்பு எவ்வளவு இருக்குதுன்னு கேளுங்க" என்றாள் கூட்டாளி. "நடுத்தரமெல்லாம் வேண்டாம். கெணத்துத் தண்ணிக்குச் சொல்ற மாதர கேளுங்க. கணுக்காலளவா, முழங்காலளவா, இடுப்பளவா, நெஞ்சளவா, கழுத்தளவான்னு."

"கழுத்தளவு இருந்தா முங்கிர மாட்டமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உனக்கு நீச்சத் தெரியாதுன்னா அதுக்கு அக்கா என்ன பண்ணுவாங்க?"

அப்படிக் கேட்டதும் உண்மையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் நெஞ்சளவு என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டாளி தனக்கு எப்போதும் இடுப்பளவு என்றாள். "மழ பேஞ்சாலும் அவ்வளவுதான், பேயாட்டியும் அவ்வளவுதான்." என் முறை வந்தது. "எனக்குப் பாதமே நனையலீங்க்கா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கூட்டாளி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா மெதுவாக அடுத்த கேள்வியைப் படித்தார். "ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டா அதுல இருந்து வெளிய வர எனக்குப் பல வழி தெரியும். இது உனக்கு எவ்வளவு சரி?"

எனக்கு வழி என்றதும் ரோடுதான் மனதில் வந்தது. வேறு எதையும் நான் நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

"வழியெல்லாம் நெறையத் தெரியுமுங்க. சோமனூர் போயி ரயில் ஏறலாம், ஆனா பாசஞ்சரு லேட்டா வரும். சூலூர் பக்கமாச் சுத்திப் போலாம், ரெண்டு பஸ்சு மாறோணும், நேரத்துக்குப் போயிச் சேர முடியாது. அம்மா எல்லாத்தையும் ரோசன பண்ணிப்போட்டாங்க. நேர் வழி ஒண்ணுதானுங்க. ஆனா பிரிவுதானுங்க்கா என்னால தாண்ட முடியல."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார். "பிரிவைத் தாண்டறது லேசுப்பட்ட காரியமில்லம்மா. ஒரே நாள்ல தாண்டணும்னு யாரும் சொல்லல. மெதுவாத் தாண்டு. சில பேருக்கு வருசக்கணக்கா ஆகும்."

"வருசக்கணக்கா ஆனா ஆரு வேல குடுப்பாங்க? ஆவணிக்குள்ள தாண்டோணுமுங்க."

"ஆவணிக்குள்ளயா? துக்கத்துக்கு யாராவது கெடு வைப்பாங்களா?"

"துக்கத்துக்கு இல்லீங்க, பஸ்சுக்கு. காலையில எட்டு மணி பஸ்சுல போனாத்தான் பட்டறைக்கு நேரத்துக்குப் போக முடியும். அது தெனமும் பிரிவத் தாண்டித்தானுங்களே போகுது."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கூட்டாளியைப் பார்த்தார். "பஸ்சா? எந்தப் பிரிவு?"

"பிரிவுங்க்கா. நீங்க எறங்கி வந்தீங்களே, அந்தப் பிரிவு. டீக்கடை இருக்குதே."

"அது பிரிவா! அதுக்கா பிரிவுன்னு பேரு? எங்க ஊர்ல அத விலக்குன்னுல்லா சொல்லுவோம்!"

கூட்டாளிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எங்கள் ஊரில் பெண்களுக்கு மாதம் மூன்று நாள் வருவதற்குத்தான் விலக்கு என்று பெயர். "அய்யோ சாமி! வெலக்குல எறங்கி, வெலக்குல டீ குடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு மண்ணில் உருண்டாள். அக்காவுக்கும் புரிந்து, முகமெல்லாம் சிவந்து, அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அப்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பங்குனிக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான். சிரிக்கச் சிரிக்க அழுகையாக மாறியது. அழுதுகொண்டே சிரித்தேன். மூக்கு ஒழுகியது. அண்ணன் இருந்திருந்தால் இந்த வேடிக்கையை ஊர் பூராவும் சொல்லியிருப்பான்.

கரண்டு வந்து தறிகள் ஓட ஆரம்பித்த பிறகும் அக்கா போகவில்லை. என் காதில் கத்தினார். "என் தாளுல ரெண்டு பாதி இருக்கு! வழி தெரியுமாங்கறது ஒரு பாதி! போகத் தெம்பு இருக்காங்கறது இன்னொரு பாதி! உனக்கு வழி நெறையத் தெரியுது! பாதி பாஸ்!"

பாதி பாஸ் என்று என்னிடம் இதற்குமுன் யாரும் சொன்னதில்லை. ஐந்தாவதில்கூட.

அன்று பொழுதோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பாமலே கேட்டார். "போலாமுன்னு இருக்கறயா கண்ணு?"

"தெரியலீம்மா."

"போனா, உன்ற அண்ணன் பேசி வெச்ச வேல நெலைக்கும். போகாட்டி அவன் பேசுனது அவனோட போயிரும்." இவ்வளவுதான் சொன்னார். அம்மா அழவில்லை. நானும் அழவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் 'போனா' என்று ஒரு பேச்சை ஆரம்பித்ததே இல்லை. எல்லாம் 'இருந்திருந்தா' என்றுதான் ஆரம்பிக்கும்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடோன் லீவு. கூட்டாளி வீட்டுக்கு வந்து நின்றாள். "கெளம்பு. இன்னிக்கு நீயும் நானும் கோயமுத்தூர் போயி, உன்ற பட்டறைய வெளிய நின்னு பாத்துப்போட்டு, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் தின்னுபோட்டு வாரோம்."

"ஆடியில நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது."

"ஐஸ்கிரீம் திங்கறது எந்த ஊர்ல நல்ல காரியம்? வா."

அவள் போட்ட திட்டம் இதுதான். நான் ஜன்னல் பக்கம் உட்காரக் கூடாது. தண்ணீர்த் தொட்டி வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். அவள் என் காதைப் பொத்திக்கொள்வாள். பிரிவு தாண்டியதும் என்னைக் கிள்ளுவாள். கிள்ளினால் கண்ணைத் திறக்கலாம்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். தண்ணீர்த் தொட்டி வந்தது. கை வேர்த்தது. கண்ணை மூடினேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் கூட்டாளியிடம், "அம்மிணி, இந்தக் கூடையச் சித்த புடி" என்று எதையோ கொடுக்க, அவள் என் காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். விசில் சத்தம். கண்டக்டர் கத்தினார்.

"பிரிவு! பிரிவு எறங்கறவங்க முன்னால வாங்க!"

நான் எழுந்தேன்.

சத்தியமாக நான் எழ வேண்டும் என்று எழவில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் குரலைக் கேட்டால் எழுந்துதான் பழக்கம். அவிநாசி தேருக்குப் போனால் அங்கே இறங்கி மாற வேண்டும். திருப்பூரில் பெரியம்மா வீட்டுக்கென்றாலும் அங்கேதான். பிரிவு என்றதும் என் கால் பாட்டுக்கு எழுந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், படியில் இறங்கி, மண்ணில் நின்றுவிட்டது. மனசுக்குத் தகவல் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் கூட்டாளியின் முகம், கையில் யாருடையதோ கூடை, வாயைத் திறந்தபடி கோயமுத்தூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் என்னென்னவோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. டீக்கடை இருந்தது. பஞ்சர் ஒட்டுகிறவர் டயரைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். டெலிபோன் பூத்தில் யாரோ ஒருவர் சத்தமாகத் துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்தார். லாரிகள் போயின. ரோடு ரோடாக இருந்தது. அண்ணன் அங்கே இல்லை. வீட்டில் எங்கே திரும்பினாலும் இருக்கிறவன், அங்கே மட்டும் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் கால் நின்றது. நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். நன்றாகத்தான் நின்றது.

கைக்குழந்தையோடு ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். "ஏனுங்கம்மிணி, சோமனூர் போறதுக்கு எங்கீங்க நிக்கோணும்?"

"அக்கட்ட நில்லுங்க. புளியமரத்துக்கு அடியில. இப்ப வந்துருமுங்க."

"இது எந்த எடமுங்க?"

"பிரிவுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "இங்க எறங்கித்தான் எல்லாரும் மாறோணுமுங்க."

அவர் சரிங்க என்று போய்விட்டார். அவருக்கு அது வெறும் பஸ் ஸ்டாப். எனக்கும் அந்த ஒரு நிமிடம் அது வெறும் பஸ் ஸ்டாப்பாக இருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரிடம் சொல்வது?

சிறிது நேரத்தில் அடுத்த ஸ்டாப்பிலிருந்து கூட்டாளி மூச்சு வாங்க ஓடி வந்தாள். கையில் இன்னும் அந்தக் கூடை.

"ஏண்டி, தாண்டோணும்னு கூட்டிட்டு வந்தா இங்கயே எறங்கிப்போட்டயே! உனக்கு மூளை இருக்குதா?"

"கண்டக்டரு முன்னால வரச் சொன்னாரு. வந்துபோட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். நான் அழவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "நெசமாலுமே நின்னுட்டு இருக்கற!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். பஞ்சர்க்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். "அட நின்னுபோட்டாளே! என்ற தங்கம் பிரிவுல நின்னுபோட்டாளே!"

"அந்தக் கூட ஆருதுடி?"

"அய்யய்யோ, பெரியவருது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே கத்தரிக்காய். அடுத்த பஸ்ஸில் ஏறினோம். இந்தமுறை நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை. கோயமுத்தூரில் பட்டறைக்கு வெளியே நின்று பார்த்தோம், ஐஸ்கிரீம் தின்றோம். கூடையைத் திரும்பும்போது கண்டக்டரிடம் கொடுத்துவிட்டோம். அவர் அந்தப் பெரியவரைக் கண்டுபிடித்தாரா என்று தெரியாது.

ஆவணி முதல் திங்கள்கிழமை பட்டறையில் சேர்ந்தேன். செப்புக் கம்பி நூல் மாதிரி இல்லை. முறுக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கும். ஆனாலும் கை பழகிவிட்டது. நான் சுற்றிய காயிலைப் பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணன் பொய் சொல்லலீங்கம்மிணி" என்றார். அன்று ஒரு கம்பி அறுந்தது. முடிச்சுப் போடலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்க நினைத்து, அவன் சொன்னது நினைவு வந்து, எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அக்கா ஐப்பசியில் மறுபடி வந்தார். முதலில் கேட்டவர்களிடமே திரும்பவும் கேட்க வேண்டுமாம். என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காப்பி கொடுத்தார். கூட்டாளி, கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இப்பம் சொல்லு, எவ்வளவு இருக்கு?"

"இடுப்பளவு இருக்குதுங்க்கா."

"பொய்யிங்க்கா! நெஞ்சளவு போட்டுக்குங்க. பட்டறையில பேசுற பேச்சப் பாக்கோணும்" என்றாள் கூட்டாளி.

"சில நாளு முழங்காலுக்கு எறங்கீரும்" என்றேன். "நோம்பி நாளு வந்தா அடி மண்ணு தெரியும். பொறவு ஊறி வந்துருமுங்க."

அக்கா அதை அப்படியே எழுதிக்கொண்டார். காலேஜில் அதற்கு என்ன எண் போட்டார் என்று நான் கேட்கவில்லை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் விலக்குல... இல்ல, பிரிவுல போயி பஸ் ஏறுதேன்" என்றார். அம்மாவே சிரித்துவிட்டார்.

இப்போது தினமும் சாயங்காலம் கோயமுத்தூரிலிருந்து திரும்பி வருகிறேன். அந்த நேரத்துக்கு ஊருக்குள் வருகிற பஸ் கிடையாது. அவிநாசி பஸ்ஸில் வந்து இறங்கித்தான் மாற வேண்டும். இருட்டும் நேரத்தில் டீக்கடை விளக்கு தூரத்திலிருந்தே தெரியும். அங்கே வரும்போதெல்லாம் அண்ணனை நினைத்துக்கொள்வேன். அழுகை வந்தால் அழுதுகொள்வேன். பஸ்ஸில் யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு விசில் சத்தம் கேட்கும். பிரிவு எறங்கறவங்க முன்னால வாங்க என்று கண்டக்டர் கூப்பிடுவார்.

சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு முன்னால் போவேன்.